எத்தனை அடி? பெரியாற்றுத் தண்ணீர் வந்த வழியில் நான்கு நாட்கள்

முதல் நாள்: மதுரை

இந்தப் பயணத்துக்குக் காரணம் ஒரு வெட்கம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சென்ற மழைக்காலத்தில் ஒருநாள் இரவு பதினொரு மணிக்கு மேல் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஒலிப்பதிவு வந்தது. முல்லைப் பெரியாறு அணையில் விரிசல் விழுந்துவிட்டது, அதிகாரிகள் மூடி மறைக்கிறார்கள், விடிவதற்குள் வைகைக் கரையில் இருப்பவர்கள் வீட்டைக் காலி செய்துவிடுவது நல்லது என்று ஓர் ஆண் குரல் மூச்சு வாங்கச் சொன்னது. ஆரப்பாளையத்தில் ஆற்றிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் என் மாமா அதைக் கேட்டுவிட்டு, எழுபது வயதில், எரிவாயு சிலிண்டரைத் தனியாளாக மாடிக்கு ஏற்றினார். நான் அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் அதைவிட மோசமான காரியம் ஒன்றைச் செய்தேன்: கூடலூரில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு அந்த ஒலிப்பதிவை அப்படியே அனுப்பிவைத்தேன்.

பத்து நிமிடத்தில் பதில் வந்தது. "அண்ணே, இன்னைக்கு எத்தனை அடின்னு பாத்தீங்களா? அது கெடக்கட்டும், அணை உடைஞ்சா தண்ணி நம்ம பக்கமா வரும்?"

இரண்டாவது கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. பிறந்ததிலிருந்து வைகைத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தவன், அந்தத் தண்ணீர் எந்த மலையின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதைச் சரியாக அறியாமலேயே ஐம்பது வயதைக் கடந்திருக்கிறேன். தண்ணீர் வந்த வழியிலேயே மேலே போய்ப் பார்த்துவிடுவது என்று அன்றே முடிவு செய்தேன். விடுப்புக் கிடைக்க ஓராண்டு ஆயிற்று.

புறப்படும் முன் இன்று காலை புது நத்தம் சாலையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குச் சென்றேன். புத்தகம் படிக்க அல்ல, கட்டடத்தைப் பார்க்க. 2021இல் இந்த இடத்தில் நூலகம் கட்டப்போவதாக அறிவிப்பு வந்தபோது, அங்கிருந்த பொதுப்பணித் துறையின் பழைய கட்டடம் பெரியாறு அணையைக் கட்டிய ஜான் பென்னிகுயிக் வாழ்ந்த வீடு என்றும், அதை இடிக்கப் போகிறார்கள் என்றும் பேச்சு கிளம்பியது. விவசாயிகள் கொதித்தார்கள், அரசியல் தலைவர்கள் அறிக்கை விட்டார்கள், நானும் ஒரு தேநீர்க் கடையில் நின்று சூடாகப் பேசினேன். மாவட்ட நிர்வாகம் தந்த விளக்கம் மிக எளிமையானது. அந்தக் கட்டடத்தின் வேலை 1912இல் தொடங்கி 1913இல் முடிந்திருக்கிறது. பென்னிகுயிக் 1911 மார்ச் 9ஆம் தேதி இங்கிலாந்தில் காலமாகிவிட்டார். நூலகம் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்டது. இன்று வாசலில் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம் பேச்சுக் கொடுத்தபோது, "இது அவரு இருந்த வீடுண்ணே, இடிச்சுப்புட்டாங்க" என்றார். நான் ஆண்டுக் கணக்கைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப அவரு மகன் இருந்திருப்பாரு" என்றார்.

இரண்டாம் நாள்: வைகை அணை

ஆரப்பாளையத்தில் பேருந்து ஏறி, உசிலம்பட்டியைத் தாண்டி, ஆண்டிபட்டிக் கணவாயில் காற்று குளிர ஆரம்பித்தபோது எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. ஆகவே வழியைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

வைகை அணை 1959இல் திறக்கப்பட்டது. மொத்த உயரம் 111 அடி என்றாலும், நீரைத் தேக்கும் அளவு 71 அடிதான். இந்த எண்ணுக்குக் கீழே இன்னும் மூன்று எண்கள் உண்டு. ஆற்றோர மக்கள் அவற்றைக் குழந்தையின் பிறந்தநாளைப்போல் நினைவில் வைத்திருக்கிறார்கள். நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் வெள்ள அபாய எச்சரிக்கை, 68.5 அடிக்கு இரண்டாவது, 69 அடிக்கு மூன்றாவது. மூன்றாவது எச்சரிக்கைக்குப் பிறகு, வருகிற உபரி நீரை அப்படியே ஆற்றில் திறந்துவிடுவார்கள். தேனி, திண்டுக்கல், மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய ஐந்து மாவட்டங்களுக்கும் இந்தச் செய்தி முறையாகப் போகிறது. அணையில் சங்கு ஒலிக்கிறது.

அணைக்கு அருகே மீன் வறுத்து விற்கும் கடைகளில் ஒன்றில் அமர்ந்தேன். கடைக்காரருக்கு அறுபது வயதிருக்கும். ஜிலேபிக் கெண்டையின் வயிற்றைக் கீறி, மஞ்சளும் மிளகாய்த் தூளும் குழைத்த மசாலாவை விரலால் உள்ளே தடவி, ஒவ்வொன்றையும் தோசைக்கல்லின் ஓரத்தில் தட்டிப் பார்த்து எண்ணெயில் விட்டுக்கொண்டிருந்தார். என்னுடைய ஒலிப்பதிவை அவரிடம் போட்டுக் காட்டினேன். பாதி ஓடும்போதே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"மொத சங்குக்கு நாங்க திரும்பிக்கூடப் பாக்க மாட்டோம். ரெண்டாவது சங்குக்குப் பாத்திரத்தை எடுத்து உள்ள வைப்போம். மூணாவது ஊதுனாத்தான் அடுப்பை அணைக்கிறது. இதுல எத்தனாவது சங்குன்னு இல்லையே தம்பி."

மீனைத் தின்று முடித்துவிட்டு, ஒரு மரத்தடியில் நின்று அந்த ஒலிப்பதிவை மறுபடி முழுமையாகக் கேட்டேன். ஒரு நிமிடம் நாற்பது வினாடி ஓடுகிறது. அதில் எத்தனை அடி என்று இல்லை, எத்தனை கனஅடி என்று இல்லை, எந்த மதகு, எந்த நேரம், யார் பார்த்தார்கள் என்று எதுவுமே இல்லை. பெயரில்லாத ஓர் "அதிகாரி" மட்டும் மூன்று முறை வருகிறார். ஓராண்டுக்கு முன் அந்த இரவில் இதைக் கேட்ட என் காதுக்கு இவ்வளவு பெரிய ஓட்டை ஏன் தெரியவில்லை என்று யோசித்தபடி தேனிப் பேருந்துக்குக் காத்திருந்தேன்.

மூன்றாம் நாள்: கூடலூர், லோயர் கேம்ப்

கம்பம் பள்ளத்தாக்கில் நுழைந்ததும் வாசல்தோறும் திராட்சைப் பந்தலும் சாலையோரம் நெல்வயலும் தொடங்கிவிடுகின்றன. இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் பெரியாற்று நீரை நம்பி 14,707 ஏக்கர் இருபோக நிலம் இருக்கிறது. கீழே பேரணையிலிருந்து கள்ளந்திரி வரை இன்னொரு 45,041 ஏக்கர். மதுரை நகரம் குடிக்கும் தண்ணீரைத் தனியாகக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கூடலூரில் சித்தப்பா காலையில் நாளிதழை எடுத்தால் முதலில் திறப்பது நீர்மட்டப் பகுதியைத்தான். வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த நாள்காட்டியில் ஒவ்வொரு தேதிக்கும் கீழே பென்சிலால் ஓர் எண் எழுதியிருந்தார். கடையில் வாங்கிய மளிகைக் கணக்கு என்று நினைத்தேன், பெரியாற்று அணையின் அன்றன்றைய அடிக்கணக்கு அது. 104 அடிக்குக் கீழே போனால் சுரங்கத்தில் தண்ணீர் ஏறாது, அப்புறம் விதைநெல்லை மூட்டையில் கட்டி வைத்துவிட வேண்டியதுதான் என்றார்.

அவர்தான் தண்ணீரின் திசையை எனக்குப் புரியவைத்தார். ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து மலை என்றார், அதன் மேற்குப் பக்கம் ஒரு தம்ளரை வைத்து அணை என்றார். பெரியாறு மலைக்கு அந்தப் பக்கம் பிறந்து அரபிக் கடலை நோக்கி மேற்கே ஓடுகிற ஆறு. அதை வழிமறித்து 1887 முதல் 1895 வரை சுண்ணாம்பும் சுர்க்கி எனும் செங்கல் பொடியும் கல்லும் கொண்டு அணை கட்டி, மலையைக் குடைந்து ஒரு சுரங்கம் போட்டு, தேங்கிய நீரில் ஒரு பகுதியைக் கிழக்கே திருப்பியிருக்கிறார்கள். இந்தச் சுரங்கத்தில் வினாடிக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் கனஅடிக்கு மேல் வர இடமில்லை. ஆகவே கடவுள் புண்ணியத்தில் நடக்கக் கூடாத அந்தக் காரியம் நடந்தே போனாலும், தண்ணீர் வல்லக்கடவு, வண்டிப்பெரியாறு, உப்புத்தரை வழியாக இடுக்கிக்குத்தான் போகும். கூடலூருக்கும் மதுரைக்கும் வராது. எங்களுக்கு வரப்போவது வெள்ளமல்ல, வறட்சி. மாமா சிலிண்டரை மாடிக்கு ஏற்றியதற்குப் பதில் குடத்தில் தண்ணீர் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

இந்த ஒரு செய்தி தெரிந்திருந்தால் நான் அந்த ஒலிப்பதிவை அனுப்பியிருக்க மாட்டேன். ஆனால் இதைச் சொல்லும்போது எனக்குச் சற்றுக் கூச்சமாகவும் இருக்கிறது. "நமக்கு வராது" என்ற நிம்மதி, மலைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு எப்படிக் கேட்கும்?

பிற்பகல் லோயர் கேம்ப் சென்றோம். மலைச் சரிவில் மேலிருந்து கீழே இறங்கும் நான்கு பெரும் குழாய்கள், அடியில் மின் நிலையம், அதன் அருகே 2013 ஜனவரி 15 அன்று திறக்கப்பட்ட பென்னிகுயிக் மணிமண்டபம். அவர் பிறந்த தேதியும் ஜனவரி 15 என்பதால், இந்தப் பக்கத்து விவசாயிகளுக்குப் பொங்கலும் அவருடைய பிறந்தநாளும் ஒன்றாகிவிட்டன. சிலைக்கு முன்னால் ஒரு பெண்மணி தன் பேரனுக்கு, வெள்ளைக்காரர் பொண்டாட்டி நகையை விற்று அணை கட்டிய கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அரசாங்கம் பணத்தை நிறுத்திவிட்டதாகவும், அவர் இங்கிலாந்தில் இருந்த சொத்தையெல்லாம் விற்று வந்து வேலையை முடித்ததாகவும் நாங்கள் அனைவரும் கேட்டு வளர்ந்த கதைதான். சென்னை மாகாண அரசின் செலவில் நடந்த வேலை அது. நகை விற்றதற்கான சான்றை நான் படித்த எந்த ஆவணத்திலும் கண்டதில்லை. இருந்தாலும் அந்தப் பாட்டியைத் திருத்த எனக்கு மனம் வரவில்லை. முந்தாநாள் ஆட்டோ ஓட்டுநரிடம் காட்டிய வேகம் இன்று இல்லாமல் போனதற்குக் காரணம், இந்தக் கதை யாரையும் இரவில் வீட்டைவிட்டு ஓடவைக்காது என்பதாக இருக்கலாம். அல்லது நானும் அந்தக் கதையைக் கொஞ்சம் விரும்புகிறேன்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு திண்ணையில் உட்கார்ந்து சித்தப்பா பழைய கணக்கை அவிழ்த்தார். 1979 ஆகஸ்ட் 11 அன்று குஜராத்தில் மச்சு அணை உடைந்து மோர்பி நகரம் அழிந்தது. அந்த அதிர்ச்சியின் ஊடே கேரளத்தில் பெரியாற்று அணையைப் பற்றிய அச்சம் பற்றிக்கொண்டது. அந்த ஆண்டு நவம்பரில் மத்திய நீர் ஆணையம் ஆய்வு செய்து, பலப்படுத்தும் வேலைகள் முடியும்வரை நீர்மட்டத்தை 136 அடிக்குக் குறைக்கச் சொன்னது. மேலே கான்கிரீட் தொப்பி, உள்ளே எஃகு வடங்கள், பின்புறம் கான்கிரீட் தாங்கல் என்று வேலைகள் நடந்தன. ஆனால் மட்டம் திரும்ப ஏறவில்லை. 2006 பிப்ரவரி 27 அன்று 142 அடிவரை தேக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது, அடுத்த மாதமே கேரள சட்டமன்றம் 136 அடிதான் என்று சட்டம் இயற்றியது, அந்தச் சட்டம் செல்லாது என்று 2014 மே 7 அன்று அரசியல் சாசன அமர்வு கூறியது. அந்த நவம்பரில் 142 அடி நிறைந்தபோது கூடலூரில் இனிப்பு வழங்கினார்கள். முப்பத்தைந்து ஆண்டுகள். சித்தப்பாவின் கணக்கில் அது முப்பத்தைந்து இரண்டாம் போகம்.

2011 டிசம்பரைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. இடுக்கிப் பகுதியில் அடுத்தடுத்து உணரப்பட்ட சிறு நில அதிர்வுகளால் அங்கே அச்சம் முற்றியிருந்த மாதம். அங்கே தமிழர்களை அடிக்கிறார்கள் என்று இங்கே செய்தி, இங்கே மலையாளிகளின் கடைகளை உடைக்கிறார்கள் என்று அங்கே செய்தி. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருந்தது, அந்தக் கொஞ்சத்தின் மேல் ஏறி நின்ற பொய்யே பெரிது. ஏலத் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு காட்டு வழியாக நடந்தே மலை இறங்கின. எல்லை மூடப்பட்டது. கம்பத்திலிருந்து பல்லாயிரம் பேர் குமுளியை நோக்கி நடந்தார்கள். "நானும் நடந்தேன்" என்றார் சித்தப்பா. எந்தச் செய்தியைக் கேட்டு நடந்தார் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, நினைவில்லை என்றார்.

நான்காம் நாள்: குமுளி, தேக்கடி, வண்டிப்பெரியாறு

லோயர் கேம்ப்பிலிருந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் குமுளி. கடைத்தெருவில் பாதித் தூரம் தமிழ்நாடு, மீதி கேரளம், ஏலக்காய் வாசனைக்கு மட்டும் எல்லை இல்லை.

இங்கே தமிழ்ப் பக்கத்தில் சுற்றும் பேச்சு வேறு வகை. கேரளம் புதிய அணையை ரகசியமாகக் கட்டத் தொடங்கிவிட்டது என்பார்கள். ஜல்லி ஏற்றிய லாரி இரண்டு சேர்ந்து போனால் போதும், அன்று மாலைக்குள் அடிக்கல் நாட்டப்பட்டுவிடும். உண்மை நிலவரம் அவ்வளவு வேகமானதல்ல. இப்போதுள்ள அணைக்கு 366 மீட்டர் கீழே புதிய அணை கட்ட வேண்டும் என்பது கேரளத்தின் பல ஆண்டுக் கோரிக்கை. 2024 மே மாதம் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் நிபுணர் குழு அதைப் பரிசீலிக்க இருந்தது. தமிழ்நாடு எதிர்த்தபின் அந்தக் கூட்டம் நடக்கவில்லை. பழைய அணை உறுதியாக இருக்கும்போது புதியது எதற்கு என்று தமிழ்நாடு கேட்கிறது. பழைய அணைக்கான நிலத்துக்கு 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான 999 ஆண்டுக் குத்தகை, புதிய அணைக்கு என்ன மதிப்புப் பெறும் என்ற கவலை அதற்குப் பின்னால் இருக்கிறது. சித்தப்பாவைப் போன்றவர்கள் வாய்விட்டுச் சொல்லாத கவலை அதுதான்.

இந்த வதந்தியை நம்புகிறவர்களை முட்டாள்கள் என்று சொல்ல நான் தயாரில்லை. இந்த விவகாரத்தில் அரசாணையே வதந்தியைப்போல் நடந்துகொண்டிருக்கிறது. 2021 நவம்பரில், பெரிய அணைக்குப் பக்கத்தில் இருக்கும் சிறிய துணை அணையான பேபி அணைக்குக் கீழே இருக்கும் 15 மரங்களை வெட்டக் கேரள வனத் துறை அனுமதி அளித்தது, தமிழக முதல்வர் நன்றிக் கடிதம் எழுதினார், கடிதத்தின் மை உலர்வதற்குள் அப்படி ஓர் அனுமதியே தங்களுக்குத் தெரியாது என்று கேரள அமைச்சர் கூற, ஆணை நிறுத்தி வைக்கப்பட்டது. தேக்கடிக்குப் போகும் வழியில் ஆனவாச்சலில் கேரளம் அமைத்த வாகன நிறுத்துமிடம் குத்தகை நிலத்துக்குள் வருகிறதா என்பதை அளந்து சொல்லும்படி, 2023இல் உச்ச நீதிமன்றம் இந்திய நில அளவைத் துறையையே அனுப்ப வேண்டியிருந்தது. வண்டி நிறுத்தும் இடத்துக்கே இவ்வளவு என்றால், லாரியைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவர்களை என்ன சொல்வது?

அணையை என்னைப் போன்றவர்கள் நினைத்த நேரத்தில் போய்ப் பார்த்துவிட முடியாது. தேக்கடிப் படகும் அதுவரை போவதில்லை. ஏரியில் நான் பார்த்தது, 1895இல் மூழ்கிய காட்டின் மொட்டை மரங்கள். கரிய அந்தக் கட்டைகளின் மேல் நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கட்டையிலும் ஏறி இறங்கிய நீரின் வெளிறிய வரிகள் இருந்தன. சித்தப்பாவின் நாள்காட்டிதான் நினைவுக்கு வந்தது.

மதியம் வண்டிப்பெரியாற்றுக்குப் பேருந்தில் சென்றேன். ஆற்றோரத்தில் ஒரு தேநீர்க் கடை. நடத்தும் அக்காவின் தாத்தா தேயிலைத் தோட்ட வேலைக்கு உத்தமபாளையத்திலிருந்து வந்தவர். தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கும் பேச்சு. ஒலிப்பதிவை அவரிடம் போட்டுக் காட்ட எனக்குத் துணிவு வரவில்லை. எதற்கு வந்தேன் என்று மட்டும் சொன்னேன்.

கடைக்குப் பின்னால்தான் வீடு. கதவுக்கு அருகில், ஆணியில் ஒரு தடித்த பிளாஸ்டிக் பை தொங்கியது. ரேஷன் அட்டை, ஆதார், மகளின் பள்ளிச் சான்றிதழ், கூட்டுறவு வங்கிப் புத்தகம், மாமியாரின் மாத்திரைச் சீட்டு எல்லாம் அதில் இருந்தன. ஆனி மாதம் மழை பிடித்ததும் அலமாரியிலிருந்து எடுத்து மாட்டுவார்களாம், தை பிறந்ததும் இறக்கி உள்ளே வைப்பார்களாம்.

"அணை உடையும்னு பயமா அக்கா?"

"உடையும்னு நானும் நூறு தடவை கேட்டாச்சு. போன்ல வர்றதை நாங்க நம்புறதில்லை. சொல்லாம தொறந்து விடுறாங்களே, அதுதான் பயம்."

2021 டிசம்பர் முதல் வாரத்தில் நள்ளிரவில் மதகுகள் திறக்கப்பட்டு, இந்தக் கரையில் பல வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. போதிய முன்னறிவிப்பு இல்லை என்று கேரளம் உச்ச நீதிமன்றத்தில் முறையிட்டது. அந்த இரவில் அக்காவை எழுப்பியது சங்கும் இல்லை, போனும் இல்லை, கட்டிலுக்கு அடியில் மிதந்து சுவரில் இடித்த அலுமினியப் பாத்திரத்தின் சத்தம். சுவரில் முழங்கால் உயரத்தில் இருந்த கறையைக் காட்டினார். இரண்டு முறை சுண்ணாம்பு அடித்தும் மேலே வந்துவிடுகிறதாம்.

அணை பலமாக இருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் ஏற்ற முடிவை நானும் ஏற்கிறேன். ஆனால் நூற்றாண்டைக் கடந்த சுர்க்கி அணைக்குக் கீழே பிள்ளைகளோடு படுத்துறங்குகிறவர்களின் அச்சத்தை வதந்தி என்று ஒரே சொல்லில் தள்ளிவிட என்னால் இயலவில்லை. வைகை அணையின் மீன் கடைக்காரருக்கு மூன்று சங்குகள் இருக்கின்றன. இந்த அக்காவுக்கு 136 அடியில் மாவட்ட நிர்வாகத்துக்கு வரும் எச்சரிக்கை, அங்கிருந்து எத்தனை கை மாறி, எந்த நேரத்தில் வந்து சேர்கிறது என்பதில் இன்னும் உறுதி பிறக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் என் ஒலிப்பதிவைப் போன்றவை வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

தேநீருக்கு அவர் காசு வாங்கவில்லை.

ஊர் திரும்பிய பின்

கண்டதையெல்லாம் குடும்பக் குழுவில் எழுதினேன். தண்ணீர் மேற்கேதான் போகும் என்பதை விளக்கினேன், இனி எந்தச் செய்தி வந்தாலும் முதலில் அடிக்கணக்கைப் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டேன். மாமாவுக்கு இந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. தினமும் காலையில் நாளிதழைப் பார்த்து நீர்மட்டத்தைப் போடும் பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டார்.

இன்று காலை ஆறரை மணிக்கு அவருடைய முதல் பதிவு வந்தது: "பெரியாறு அணை 64 அடி." கண்ணாடி போடாமல் வரி மாறிப் பார்த்திருக்கிறார், அது வைகையின் எண். அரை மணி நேரத்தில் திண்டுக்கல் அத்தை, "நேத்து நூத்திமுப்பதுன்னு போட்டிருந்தானே, மிச்சத் தண்ணி எங்க போச்சு?" என்று கேட்டார். அடுத்து ஒருவர், "அப்ப உடைஞ்சது உண்மைதானா?" என்றார். நான் மாமாவின் பிழையைத் திருத்திப் பதில் எழுதிக்கொண்டிருக்கும்போதே, அந்த 64 அடி, ஒரு மழைப் படத்தோடும் "பலமுறை பகிரப்பட்டது" என்ற குறியோடும், அலுவலக நண்பர்கள் குழு வழியாக எனக்கே வந்து சேர்ந்தது.